தாத்தா காருக்கு எந்த ஆயில்?

வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது. தாத்தா வாங்கிய கார். அதற்கு ஆயில் மாற்றவேண்டும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பேரன் கடைக்குப் போகிறான். இருப்பதிலேயே விலை கூடிய டப்பாவை வாங்கி வருகிறான்.

"தாத்தா கார் அல்லவா! உயர்ந்த ஆயிலாகவே ஊற்றுவோம்" என்கிறான்.

அவன் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த ஆயிலே என்ஜினைக் கெடுத்துவிடலாம்!

பழைய காருக்கு ஆயில் வாங்கும்போது விலை முக்கியம் அல்ல. டப்பாவில் உள்ள நம்பர்தான் முக்கியம்.

வண்டலூரில் பிறந்த கார்

சென்னையில் இருந்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கார் செய்தார்கள். "ஸ்டாண்டர்டு மோட்டார்" கம்பெனி அது. 1961-ம் ஆண்டில் அவர்களுடைய "ஹெரால்டு" கார் வந்தது. சின்னக் கார். முன்பக்கம் முழுவதையும் பெட்டி மூடியைப் போல முன்னால் சாய்த்துத் திறக்கலாம்!

கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் பியட், சென்னையில் ஹெரால்டு. அந்தக் காலத்தில் சாலையில் ஓடிய உள்நாட்டுக் கார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுதான்.

இன்று ஹெரால்டும் இல்லை; அதைச் செய்த கம்பெனியும் இல்லை. அம்பாசிடர் 2014-ம் ஆண்டில் நின்றுபோயிற்று. மிச்சம் இருக்கும் வண்டிகளை ஆசையோடு வைத்திருப்பவர்கள் பலர். அவர்களுக்குப் பெரிய கவலை, உதிரி பாகம். அம்பாசிடருக்காவது தேடினால் கிடைக்கும். ஹெரால்டு என்ஜினுக்குள் ஒரு பாகம் தேய்ந்துவிட்டால், ஊர் ஊராக அலையவேண்டும். அதனால்தான் ஆயில் விஷயத்தில் இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது.

நம்பர் சொல்லும் கதை

ஆயில் டப்பாவைப் பாருங்கள். "20 டபிள்யூ 50" என்று போட்டிருக்கும். அல்லது "5 டபிள்யூ 30", "0 டபிள்யூ 20" என்று இருக்கும். இது என்ன கணக்கு?

இது ஆயிலின் கெட்டித் தன்மையைக் காட்டும் கணக்கு. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைகிறது. வெயிலில் தண்ணீராக ஓடுகிறது. என்ஜின் ஆயிலும் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். முதல் நம்பர், குளிரில் அது எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. "டபிள்யூ" என்ற ஆங்கில எழுத்துக்குக் குளிர்காலம் என்று பொருள். இரண்டாவது நம்பர், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டுகிறது.

(விளக்கெண்ணெய் கெட்டியானது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆரம்ப காலத்து ஆகாய விமானங்களுக்கு அதைத்தான் ஊற்றினார்கள்! "காஸ்ட்ரால்" என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரில் இருந்து வந்ததுதான்.)

முதல் நம்பர் சின்னதாக இருப்பது பனி கொட்டும் நாடுகளுக்கு அவசியம். நம் ஊருக்கு? திண்டிவனம் வட்டாரத்தில் பிரம்மதேசம் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில் கூட அங்கே ஆயில் உறைகிற குளிர் கிடையாது. ஆனால் சித்திரை வெயிலில் அங்கிருந்து ஒரு பழைய கார் சென்னைக்குப் புறப்பட்டால், நூறு கிலோ மீட்டருக்கு மேல் கொதித்துக்கொண்டே ஓடவேண்டும். அப்போது இரண்டாவது நம்பர்தான் காப்பாற்றும்.

பழைய என்ஜினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். தேய்ந்த என்ஜினில் இன்னும் அதிகம். தண்ணீர் போன்ற ஆயிலை ஊற்றினால், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே அது நிற்காது. அழுத்தம் குறையும். ஒழுகும். இன்றைய கார்களுக்காகச் செய்த "0 டபிள்யூ 20" ஆயில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பழைய காருக்கு உதவாது. அம்பாசிடர், பியட், ஹெரால்டு வண்டிகளுக்கு நம் வெயிலில் "20 டபிள்யூ 50" பொருத்தம். காரோடு வந்த பழைய புத்தகம் வீட்டில் இருந்தால், அதையும் எடுத்துப் பாருங்கள்.

துத்தநாக மருந்து

இன்னொரு விஷயமும் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

என்ஜினுக்குள் "கேம் ஷாப்ட்" என்ற தண்டு சுழல்கிறது. அது "டேப்பட்" என்ற குமிழ்களை உரசித் தள்ளுகிறது. அந்த உரசல் மிகக் கடுமையானது. அதைத் தாங்குவதற்காக, துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு மருந்தை ஆயிலில் சேர்ப்பார்கள்.

புதிய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. இந்தியாவில் 1995-ம் ஆண்டில் பெருநகரங்களில் அது வந்தது. பாஸ்பரஸ் அந்தக் கருவியைக் கெடுக்கும். ஆகவே, 2004-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த மெல்லிய ஆயில்களில் இந்த மருந்தைக் குறைத்துவிட்டார்கள். புதிய காருக்கு அது சரி. அந்தக் கருவியே இல்லாத தாத்தா காருக்கு? கேம் ஷாப்ட் தேய்கிறது!

"20 டபிள்யூ 50" போன்ற கெட்டி ஆயில்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. என்றாலும் எல்லா டப்பாவிலும் மருந்து ஒரே அளவில் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது.

ஓடாத காருக்கு

"கார் கொட்டகையில்தானே நிற்கிறது, ஆயில் எதற்கு மாற்றவேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கிற காருக்குத்தான் ஆபத்து அதிகம்! கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தும்போது உள்ளே ஈரம் சேர்கிறது. ஈரமும் புகையும் கலந்து அமிலம் ஆகிறது. அது பேரிங்குகளை அரிக்கும். ஆயிரம் கிலோ மீட்டர் கூட ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றவேண்டும்.

பல ஆண்டுகள் நின்ற வண்டியா? அவசரப்படக்கூடாது. இன்றைய ஆயிலுக்கு அழுக்கைக் கழுவும் சக்தி உண்டு. அடியில் படிந்த சேறு கரைந்து போய் ஆயில் வழியை அடைத்துவிடலாம். மெக்கானிக்கிடம் சொல்லி, அடித்தொட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் ஊற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி மாற்றுங்கள். பில்டரையும் மாற்றுங்கள்.

ஆயில் கறுத்துப்போனால் பயம் வேண்டாம். அது அழுக்கை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அளவு குச்சியில் மோர் போல வெளுத்து வந்தால், உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.