வைகையின் வழியே காலம்: வருசநாட்டுத் தொடக்கப்பள்ளி மாணவர்க்கான வரலாற்றுக் களப்பயணத் திட்டம்

தொடக்கப்பள்ளியில் வரலாறு பெரும்பாலும் மூவேந்தரிலிருந்தே தொடங்குகிறது. வருசநாட்டில் நான்காம் வகுப்புப் பயிலும் குழந்தைக்குக் கரிகாலனும் கல்லணையும் அறிமுகமாகியிருக்கக்கூடும். ஆனால் தன் ஊரைக் கடந்து செல்லும் மூல வைகையின் கரையில் வரலாறு என்று சொல்லத்தக்க ஏதேனும் நிகழ்ந்திருக்கும் என்ற எண்ணம் அக்குழந்தைக்கு எளிதில் எழுவதில்லை. கல்விச் சுற்றுலாக்களும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. அணைப் பூங்காவுக்கும் அருவிக்கும் அழைத்துச் சென்று திரும்பும் பயணத்தில் காட்சி உண்டு; வினா இல்லை.

வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் நிகழ்த்தத்தக்க களப்பயணம் ஒன்றை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கு வரலாற்றின் முதற்சான்றாக அமைய வல்லவை அவர்கள் ஏற்கெனவே அறிந்த தமிழ்ச் சொற்களே என்பது இத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து.

வழி

மூல வைகை வருசநாட்டு மலைகளில் தோன்றி, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, கண்டமனூர் ஆகிய ஊர்ப்பகுதிகளை ஒட்டி வடக்கு நோக்கி ஓடுகிறது. பின்னர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் முல்லையாற்றுடன் கூடி வைகை அணையை அடைகிறது. அணைக்குக் கீழே, ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை உள்ளது. இவ்வாற்றின் போக்கிலேயே பயணமும் அமையலாம். ஊரிலிருந்து புறப்படும் மாணவர் முதலில் இன்றைய ஊர்ப்பெயர்களையும், அடுத்து 1959இல் திறக்கப்பட்ட அணையையும், இறுதியில் கிறித்துவுக்கு முற்பட்ட நடுகல் கிடைத்த ஊரையும் காண்பர். ஆறு கீழிறங்க இறங்கக் காலம் பின்னோக்கிச் செல்லும் இந்த அமைப்பு தற்செயலானது. ஆசிரியர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

ஆற்றின் தோற்றுவாயைக் காட்ட வேண்டும் என்ற ஆர்வம் எழுவது இயல்பு. வெள்ளிமலைப் பகுதி 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. எட்டு வயதுக் குழந்தைகளுடன் அங்கே செல்வதைத் தவிர்த்து, வருசநாட்டு ஆற்றுப்படுகையையே தொடக்கமாகக் கொள்வது தகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம் பயணத்திற்கு ஏற்றது. அப்போது ஆற்றங்கரையில் நிற்பதில் இடர் குறைவு. மாட்டுப்பொங்கல் முடிந்த சூழலில் ஆநிரை பற்றிப் பேசுவதும் எளிது.

ஊர்ப்பெயர் என்னும் சான்று

பயணத்தின் முதற்பகுதிக்குப் பேருந்துச் சாளரமே போதும். வழிகாட்டிப் பலகைகளில் காணும் பெயர்களை மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். மயிலாடும்பாறையும் வாலிப்பாறையும் பாறையால் பெயர்பெற்றவை. மஞ்சனூத்து என்பதன் ஈற்றில் ஊற்று என்னும் சொல் பேச்சுவடிவில் நிற்கிறது. கடமலைக்குண்டு, தும்மக்குண்டு ஆகியவற்றின் ‘குண்டு’ பள்ளத்தையோ நீர் தேங்கும் குழியையோ சுட்டும் சொல். கோம்பைத்தொழு என்ற பெயர் தனிக் கவனத்திற்குரியது. ‘கோம்பை’ மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு. ‘தொழு’ மாடு கட்டும் இடம். மலைமாடுகளைக் கிடையமர்த்தி மேய்க்கும் வழக்கம் தேனி மாவட்டத்தில் இன்றும் உண்டு. ஆதலால் தொழு எது என்று விளக்க வேண்டிய தேவை பல குழந்தைகளுக்கு இராது, ஆசிரியருக்கு இருக்கலாம்.

அரசன் பெயரும் போரும் இல்லாத இப்பெயர்கள் நீரையும் பாறையையும் மாட்டையும் கொண்டு ஊர் அமைத்த மக்களைக் காட்டுகின்றன. ஊர்ப்பெயருக்கு ஊரார் சொல்லும் கதைகளையும் மாணவர் தொகுக்கலாம். ஆயினும் கதை ஒரு பத்தியிலும் சொல்லின் பொருள் மற்றொரு பத்தியிலும் எழுதப்பட வேண்டும். சான்றுகளை வகைபிரித்துப் பார்க்கும் முதற்பயிற்சி அதுவே.

அணையும் நினைவும்

வைகை அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தியில் கேட்டு வளரும் குழந்தைகள் இவர்கள். 71 அடி என்பது நிறைந்த அணையின் அளவு என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவர் அறிந்திருக்கவும் கூடும். அந்நீருக்கு அடியில் ஊர்கள் இருந்தன என்பதை அறிந்தோர் குறைவு. அணைக்காக நிலமும் வீடும் இழந்து பெயர்ந்த உழவர் வாழ்வே, 2003ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற வைரமுத்துவின் கள்ளிக்காட்டு இதிகாசத்திற்குக் களமாயிற்று. நாவல் தொடக்கப்பள்ளி மாணவர்க்கு உரியதன்று; அதன் களத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் உரியவர்.

எனவே அணையில் நிகழ வேண்டிய முதன்மைச் செயல் முதியவர் ஒருவரைக் கேட்டல். மதகுகளை எண்ணுவது பிறகு ஆகட்டும். வினாக்களை மாணவரே முன்னதாக வகுப்பில் உருவாக்க வேண்டும். “உங்க ஊருல கிணறு எங்க இருந்துச்சு?”, “போகும்போது என்னத்த எடுத்துட்டுப் போனீங்க?” என்பன போன்ற வட்டார வழக்கு வினாக்களை எழுத்துத் தமிழாகத் திருத்துவது பேட்டியைக் கெடுக்கும். விடைகளும் பேசியவாறே பதிவாக வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து இப்பேட்டிக்கு வாய்ப்பு இராது. களப்பயணத்தை அடுத்த கல்வியாண்டுக்குத் தள்ளிப்போடுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இடப்பெயர்வும் நில இழப்பும் எல்லாச் சாதியினரையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. நிலமுடையவர் பெற்ற இழப்பீட்டை நிலமற்ற கூலித் தொழிலாளர் பெற்றிருக்க இயலாது. ஒருவரை மட்டும் கேட்டுத் திரும்பும் வகுப்பு ஒருவரது வரலாற்றையே ஊரின் வரலாறாகக் கொள்ளும். நிலமிருந்தவர், இல்லாதவர் என இருவரையேனும் அழைப்பது நன்று. அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் இன்றியமையாதது.

கல், ஊர்

2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் வழிகாட்டுதலில் இயங்கிய ஆய்வுக் குழுவினர் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். இவற்றின் காலம் கி.மு. 4 முதல் கி.மு. 2 வரையிலான நூற்றாண்டுகள் எனக் குறிக்கப்படுகிறது. ஒரு கல்லின் வாசகம், ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்பது. கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்துபட்ட, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று இது பொருள்படும். தொல்காப்பியம் வெட்சித் திணையுள் வைத்துக் கூறும் ஆகோள் என்னும் சொல் கல்லிலேயே கிடைத்தமையால் ஆய்வுலகம் இதனைப் பெரிதும் போற்றுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் என ஓர் ஊர் உள்ளது. இரண்டும் ஒன்றே எனப் பெயரொற்றுமை கொண்டு மட்டும் குழந்தைகளிடம் முடிந்த முடிபாகச் சொல்லுதல் ஆகாது.

தொடக்கப்பள்ளி மாணவருக்கு இக்கல் பயன்படும் வழி வேறு. எழுத்துப் பெயர்ப்பைப் பலகையில் எழுதி, அறிந்த சொற்களை வட்டமிடச் சொன்னால் மூன்றாம் வகுப்புக் குழந்தை ‘கல்’, ‘ஊர்’ என்னும் இரண்டையும் வட்டமிடும். தமிழ்ப் பிராமியில் ககரம் கூட்டல் குறி போன்ற வடிவுடையது என்று காட்டினால், கல்வெட்டின் முதலெழுத்தையும் அக்குழந்தையே படித்துவிடும். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வாசகத்தில் இரு சொற்கள் அகராதியின் துணையின்றிப் புரிகின்றன. மொழித்தொடர்ச்சி பற்றிய சொற்பொழிவு எதுவும் இதற்கு ஈடாகாது.

கண்டெடுத்த கற்கள் ஊரிலிருந்து பாதுகாப்பிடங்களுக்குப் பெயர்க்கப்படுவதுண்டு. எனவே கல் இருக்குமிடத்தை ஆசிரியர் முன்னரே உசாவி அறிந்து, தேவையெனில் ஒளிப்படத்தையோ மையொற்றுப் படியையோ கொண்டுசெல்ல வேண்டும். கல் எதிரில் இல்லாதபோதும் களம் பயன்படும். நடுகல் எடுக்கும் துறைகளுள் முதலாவதான ‘காட்சி’ ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது. ஆற்றங்கரையில் மாணவரைக் குழுக்களாகப் பிரித்து, பெயர் பொறிக்கத் தக்க கல் ஒன்றைத் தேர்ந்து காரணம் கூறச் செய்யலாம். கல்லை அங்கேயே விட்டுவர வேண்டும் என்பதும் பாடத்தின் பகுதியே. வழிபாட்டில் உள்ள கற்களாயின் தொடுமுன் ஊராரின் இசைவு பெற வேண்டும்.

காலத்தை அளத்தல்

‘கி.மு.’ என்பது எட்டு வயதுக் குழந்தைக்கு ஓசை மட்டுமே. பயணத்திற்கு முந்தைய நாள் பள்ளி வளாகத்தில் இதனை நடந்து பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 25 ஆண்டு, ஓர் எட்டு. வைகை அணை மூன்று எட்டுக்குள் வந்துவிடும். முல்லையாற்றுக்குப் பெரியாற்று நீரைத் திருப்பிய 1895 ஐந்தாம் எட்டைத் தாண்டியதும் வரும். அந்தவனின் கல்லுக்கு 90 எட்டளவு நடக்க வேண்டும். சிறிய பள்ளிகளில் வளாகம் போதாது. மாணவர் வாயிலைக் கடந்து தெருவுக்கு வந்துவிடுவர்.

திரும்பிய பின்

2013–14இல் இந்தியத் தொல்லியல் துறை வைகைக் கரையில் நிகழ்த்திய மேற்பரப்பாய்வில் 293 தொல்லிடங்கள் கண்டறியப்பட்டன. அதன் தொடர்ச்சியே கீழடி அகழாய்வு. ஆயினும் கீழடியின் தொன்மையை 1970களிலேயே உணர்ந்தவர் அவ்வூர்ப் பள்ளியில் பணியாற்றிய வரலாற்று ஆசிரியர் பாலசுப்பிரமணியம். வருசநாட்டுப் பள்ளியிலும் பயணத்திற்குப் பின் மாணவர் ஓடும் காசும் கொண்டுவரக்கூடும். எந்த நிலத்தில், யாருடைய கிணற்றருகில், எந்நாளில் கிடைத்தது என்பதை எழுத வகுப்பறையில் ஒரு பதிவேடு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இடம் குறிக்கப்படாத ஓடு வெறும் ஓடு. மேலும் தேடித் தோண்டுமாறு மாணவரை ஊக்குவித்தல் கூடாது. தற்செயலாகக் கிடைத்ததை மட்டும் பதிந்து, தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை.