ஒரு பேருக்கு ஏழு படம்

லிந்துலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வீட்டுச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் அது போனில் போய்த்தான் முடியும். சம்பளமெல்லாம் ரீலோட்டுக்கே போகிறது என்று பெரியவர்கள் குறைப்படுவார்கள். பிள்ளைகள் பதில் பேசாமல் வெளியே போய்விடுவார்கள். இந்தக் குறை எவ்வளவு தூரம் உண்மை என்று வரி வரியாகப் பார்த்துவிடலாம். அளவுகோல், தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ‘பேர்’: ஒரு முழு நாள் வேலைக்குச் செக்றோலில் (வருகைப் பதிவேட்டில்) விழும் ஒரு பேர்.

வரவு

சம்பள நிர்ணய சபை 2024 செப்டெம்பரில் எடுத்த முடிவின்படி ஒரு நாள் சம்பளம் 1,350 ரூபா ஆனது; இந்தக் கணக்கு அதை வைத்துத்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா கழிந்தால் மீதி 1,242. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 155 ரூபா. மாதம் 20 பேர் விழுந்தால் 24,840 ரூபா. சங்கச் சந்தாவும் தீபாவளி முற்பணமும் கழிவது இதிலிருந்துதான். கொழுந்து குறைந்த மாதத்தில் 20 பேரும் நிச்சயமில்லை.

நாட்டின் மற்றப் பகுதிகளோடு வைத்துப் பார்த்தால் இந்த வரவின் அளவு இன்னும் தெளிவாகும். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, தோட்டத்துறையில் 46,865. வறுமையில் இருந்தோர் நாடு முழுவதும் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம்.

செலவு 1: படம்

நெட்ஃப்ளிக்ஸ் தரும் அளவுப்படி, ஒரு மணி நேரம் படம் பார்க்கக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபி வரை, நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரை, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை டேட்டா போகும். நம் படங்கள் சாதாரணமாக இரண்டரை மணி நேரம். டேட்டா விலை பெக்கேஜுக்குப் பெக்கேஜ் மாறுவதால், கணக்குக்காக ஒரு ஜிபி 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

- குறைந்த தரம்: 0.75 ஜிபி, 75 ரூபா. 29 நிமிட வேலை.
- நடுத்தரம்: 1.75 ஜிபி, 175 ரூபா. 1 மணி 8 நிமிட வேலை.
- எச்டி: 7.5 ஜிபி, 750 ரூபா. 4 மணி 50 நிமிட வேலை. அரைப் பேருக்கும் மேல்.

நடுத்தரத்தில் பார்த்தால் ஒரு பேருக்கு ஏழு படம் பார்க்கலாம். எச்டியில் ஒன்று பார்த்து, இரண்டாவது படத்தின் முக்கால் பங்கை நெருங்குவதற்குள் பணம் தீர்ந்துவிடும். உள்ளங்கை அளவுத் திரையில் இந்த இரண்டு தரத்துக்கும் கண் காணும் வித்தியாசம் மிகச் சிறிது. பணத்திலோ நான்கு மடங்குக்கும் மேல்.

அதே படத்தை 50 வாட் எல்இடி டிவியில் பார்த்தால் மின்சாரம் 0.125 அலகுதான். பக்கத்துத் தலவாக்கலையில் அணை கட்டி 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் கொள்திறன் 150 மெகாவாட். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,50,000 அலகு. அதை வைத்து 12 லட்சம் டிவிகளில் ஒரு முழுப் படம் ஓட்டலாம்.

செலவு 2: போன்

போனை இறக்குமதி செய்ய டொலர் வேண்டும். வரியையும் கடைக்காரர் இலாபத்தையும் விட்டுவிட்டு, 100 டொலர் போன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

- 2022 தொடக்கம்: டொலர் ஏறத்தாழ 203 ரூபா, நாட்சம்பளம் 1,000, பிடித்தம் போக 920. போனின் விலை 22 பேர்.
- 2022 மே: டொலர் 365ஐ ஒட்டியது, சம்பளம் அதே 1,000. போனின் விலை 40 பேர்.
- 2024 கடைசி: டொலர் 300 அளவில், கைக்கு 1,242. போனின் விலை 24 பேர்.

அந்த 2022இல் போன் உடைந்த வீட்டில் அது பொழுதுபோக்குப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியதிலிருந்து பாடமும் பயிற்சித்தாளும் வாட்ஸ்அப்பிலும் வந்துகொண்டிருந்தன. சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளை மலைநாடு முழுவதும் பார்த்தோம். கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு மலை நின்றால் அலை முழுதாக வந்து சேராது. பள்ளத்து லயத்தில் இருப்பவர் செலுத்தும் பணம் ஒன்றுதான், கிடைக்கும் வேகம் வேறு.

24 பேர் கொடுத்து வாங்கிய போன் மூன்று வருடம் உழைத்தால் மாதத்துக்கு 833 ரூபா. அதனால்தான் மலைக்குப் போகும் பெண்கள் அதைப் பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாயை ரப்பர் பட்டியால் கட்டி, மழைக்கு நனையாத இடத்தில் வைக்கிறார்கள். ஈரம் உள்ளே போனால் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் திரும்பக் கொடுக்க வேண்டும்.

செலவு 3: ஒரு மாத டேட்டா

ஒரு வீட்டில் ஒரு போன். அதை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

- நடுத்தரத்தில் மாதம் 4 படம்: 7 ஜிபி, 700 ரூபா.
- தினமும் அரை மணி நேரம் குறு வீடியோ: மாதம் 15 மணி, 10.5 ஜிபி, 1,050 ரூபா.
- பிள்ளையின் சூம் வகுப்பு, மாதம் 8 மணி, மணிக்கு 0.8 ஜிபி: 6.4 ஜிபி, 640 ரூபா.
- கொழும்பிலோ வளைகுடாவிலோ வேலை செய்பவரோடு வாரம் அரை மணி வீடியோ அழைப்பு: மாதம் ஏறத்தாழ 0.6 ஜிபி, 60 ரூபா.

மொத்தம் 24.5 ஜிபி, 2,450 ரூபா: ஏறக்குறைய இரண்டு பேர். போனின் 833 ரூபாவையும் சேர்த்தால் 3,283. 20 பேர் விழுந்த மாதச் சம்பளத்தில் இது 13 வீதம். சம்பளமெல்லாம் போகவில்லை, ஆனாலும் இரண்டரைப் பேருக்கு மேல் போகிறது, அது சிறு தொகையல்ல.

எது தின்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். டேட்டாவில் படத்தின் பங்கு 29 வீதம், வகுப்பு 26 வீதம், தூரத்து உறவின் முகம் வெறும் 2 வீதம். மிகுதி 43 வீதம், யாரும் தேடிப் போகாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும் குறு வீடியோ. நல்ல படம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பவர் குடும்பத்தைக் கெடுக்கவில்லை. தானாக ஓடும் வசதியை அமைப்புக்குள் போய் நிறுத்தினால், வாட்ஸ்அப்பில் தானே இறங்கும் வீடியோக்களை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றினால், இரவு டேட்டா உள்ள பெக்கேஜில் படத்தை இரவிலேயே இறக்கி வைத்தால், மாதத்தில் ஒரு பேரின் பெரும்பகுதி மிஞ்சக்கூடும்.

எதிர்ப்பக்கம்: நாம் எடுக்கும் படம்

பார்ப்பவர்களாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கவாதி வி.பி.கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து மலையக வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தார். இன்று கையில் இருக்கும் போனே கமரா. யூடியூப் பரிந்துரைக்கும் 1080 தரத்துக்கு விநாடிக்கு 8 மெகாபிட். பத்து நிமிடக் குறும்படம் ஒன்று 600 எம்பி. நம் கணக்கில் 60 ரூபா. ஏற்றும் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட்தான் என்றால் 80 நிமிடம் சிக்னல் அறுந்துவிடாமல் இருக்க வேண்டும். தடை பணமல்ல, வேகம்.

2025 ஜூலையில் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. மலை மறைக்காத இணைப்பு வானத்திலிருந்து கிடைக்கும். வந்தபோது கருவி ஒரு லட்சத்துக்கு மேல், அதாவது 80 பேருக்கு மேல் இருந்தது. மாதக் கட்டணமும் எட்டுப் பேருக்கு மேல் இருந்தது. ஒரு குடும்பத்தால் முடியாது. தோட்டத்து வாசிகசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதைப் பெற்றுத் தருவதைப் பிரதேச சபையும் நிர்வாகமும் தங்கள் வரவு செலவில் போட முடியும், போட வேண்டும்.

மீதி

2026 வரவு செலவுத் திட்டத்தில் சம்பளம் 1,550, அதோடு அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவு, மொத்தம் 1,750 என்று அறிவிக்கப்பட்டது. கொடுப்பனவில் பிடித்தம் இல்லை என்றால் கைக்கு 1,626. நம் மாதக் கணக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கு இறங்கும்; 24 பேர் விலையான போன் 18 பேருக்கு இறங்கும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு மேசையில் அமர்பவர்கள் அரிசி, மா, சீனி விலைப் பட்டியலோடு 3,283 ரூபா என்ற இந்த வரியையும் எடுத்துச் செல்லட்டும். உழைப்பவருக்கு மாதம் நான்கு படம் பார்க்கும் சந்தோஷமும், பிள்ளைக்கு எட்டு மணி நேர வகுப்பும் வாழ்க்கைச் செலவில் சேர்ந்தவையே.