தடுப்பூசியும் அங்கத்தினர் உரிமையும்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயரும் ஊரும் இங்கு வேண்டுவதில்லை. வாயிற் கதவில் அட்டை ஒன்று தொங்கிற்று. கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டதற்குச் சான்று காட்டாதவர் உள்ளே வரலாகாது என்று அதில் எழுதியிருந்தது.

நெய்து முடித்த சேலையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முதிய நெசவாளப் பெண்மணி ஒருவர் வந்தார். சேலையை ஒப்படைத்துக் கூலி பெறவேண்டும். அடுத்த பாவுக்கும் ஊடைக்கும் நூல் வாங்கவேண்டும். “ஊசி இரண்டும் போட்டாயிற்று, ஐயா, சீட்டுத்தான் கையில் இல்லை” என்றார். முகாமில் பக்கத்து வீட்டுப் பையனின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார். பையனோ வேலைக்கு வெளியூர் போய்விட்டான். அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர், ஊசிக்கு அஞ்சி அதுவரை போட்டுக்கொள்ளாதவர். இருவரையும் காரியதரிசி திருப்பி அனுப்பிவிட்டார். நூல் இன்றி இரு வீடுகளிலும் தறி பத்து நாள் நின்றது.

காரியதரிசி கல்நெஞ்சர் அல்லர். உள்ளே கணக்கெழுதும் எழுத்தர் அவ்வாண்டுதான் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றிய அவருக்குத் தொற்று வந்தால் பிழைப்பது அரிது என்று எல்லோரும் அஞ்சினர். அவரைக் காக்கவே அந்த அட்டை.

நாமோ அன்று இருப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம், வாய் திறக்கவில்லை. உத்தரவு இருக்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். சட்டம் உண்மையில் என்ன சொல்லிற்று என்பதை அன்றே ஆராய்ந்திருக்க வேண்டும். காலந்தாழ்த்தி ஆராய்ந்ததை அங்கத்தினர்கள்முன் வைக்கிறோம்.

உத்தரவுகள் பிறந்த விதம்

நம் நாட்டில் கொரோனா தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16ஆம் நாள் தொடங்கிற்று. மே முதல் நாளிலிருந்து 18 வயது நிறைந்த அனைவரும் போட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை விளைத்த துன்பத்தை யாரும் மறந்திரார். ஆகவே ஊசியைப் பரப்ப அதிகாரிகள் விரைந்ததில் வியப்பில்லை. நீலகிரி மாவட்டத்தில் 2021 செப்டம்பரில் ஊசிச் சான்று காட்டினால்தான் மதுக்கடையில் சரக்குத் தரப்படும் என்றனர். நவம்பரில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு, ஊசி போடாதவரைப் பொது இடங்களில் அனுமதிக்கலாகாது என்று உத்தரவிட்டது. நாம் கண்ட அட்டை அதன் வழி வந்ததே.

நோக்கம் நல்லது, தடுப்பூசி கடும் நோயையும் சாவையும் பெரிதும் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோக்கம் நல்லதாயிருப்பதனால் மட்டும் வழியும் நல்லதாகிவிடாது. மதுக்கடையில் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை எனலாம். நூல் வாங்கும் இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு நட்டம் அடுப்பங்கரை வரை செல்கிறது.

வடகிழக்கில் எழுந்த வழக்குகள்

இதை முதலில் தெளிவாகக் கண்டவை வடகிழக்கு மாநிலங்களின் நீதிமன்றங்கள். மேகாலயத்தில் மாவட்ட ஆட்சியாளர்கள், கடைக்காரர், தெரு வியாபாரிகள், வாடகை வண்டி ஓட்டுவோர் முதலியோர் ஊசி போட்டுக்கொண்ட பிறகே தொழிலைத் தொடங்கலாம் என்று கட்டளையிட்டனர். அம்மாநில உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 23ஆம் நாள் இதை ஆராய்ந்தது. தடுப்பூசி காலத்தின் தேவை என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால் வற்புறுத்திப் போடச் செய்வதும், போடாதவரின் பிழைப்பைப் பறிப்பதும் செல்லா என்று தீர்த்தது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்லிற்று: ஒவ்வொரு கடையிலும் வண்டியிலும் அங்குப் பணிபுரிவோர் ஊசி போட்டவரா, போடாதவரா என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்கவேண்டும்; வாடிக்கைக்காரர் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும். கடை திறந்தது, ஆனால் பலகையும் தொங்கிற்று. அப்பலகை ஏழை வியாபாரியின் விற்பனையை எவ்வளவு குறைத்திருக்கும் என்பதை வியாபாரம் அறிந்தவர் எண்ணிப் பார்க்கட்டும்.

சில நாட்களில், 2021 ஜூலை 2ஆம் நாள், மிசோரம் பற்றிய வழக்கில் கௌஹாத்தி உயர் நீதிமன்றமும் தீர்ப்புக் கூறிற்று. ஊசி போடாதவர் வேலைக்குச் செல்லவும் இன்றியமையாப் பொருள் வாங்கவும் தடை விதித்த விதிகள் அரசியல் சட்டத்திற்கு ஒவ்வா என்பதே அதன் முடிவு. முகக்கவசம் அணிந்து, மற்ற விதிகளுக்கு உட்பட்டு, அவர்களும் தொழில் செய்யலாம் என்றாயிற்று.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

இவ்வகை உத்தரவுகளை எதிர்த்து ஜேக்கப் புலியேல் என்னும் குழந்தை மருத்துவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தமிழ்நாட்டு அரசும் அவ்வழக்கில் ஒரு தரப்பு. நீதிபதிகள் எல். நாகேசுவர ராவ், பி.ஆர். கவாய் ஆகிய இருவரும் 2022 மே 2ஆம் நாள் தீர்ப்பளித்தனர். அதன் சாரத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, தன் உடல் மீது தனக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும். எவரையும் வலிந்து பிடித்து ஊசி போடலாகாது. இரண்டாவது, அவ்வுரிமை எல்லையற்றது அன்று. ஊரார் நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். மூன்றாவது, அக்கட்டுப்பாடு மூன்று சோதனைகளில் தேறவேண்டும். அதற்குச் சட்ட அடிப்படை இருக்கவேண்டும். நியாயமான தேவை இருக்கவேண்டும். விதிக்கும் தடை அத்தேவையின் அளவை மிஞ்சாதிருக்கவேண்டும்.

இந்த மூன்றாம் சோதனையில்தான் அன்றைய உத்தரவுகள் தேறவில்லை. ஊசி போட்டவரிடமிருந்து பரவுவதைவிடப் போடாதவரிடமிருந்து நோய் மிகுதியாகப் பரவும் என்று காட்டும் விவரம் எதையும் மத்திய அரசோ மாநில அரசுகளோ தம் முன் வைக்கவில்லை என்றனர் நீதிபதிகள். பரப்புவதில் இருவரும் ஏறத்தாழ ஒன்றாயின், ஒருவருக்கு மட்டும் கதவை அடைப்பானேன்? ஆகவே தொற்று குறைவாக இருக்கும் வரையில் இத்தடைகளை மறு ஆய்வு செய்து விலக்கிக்கொள்ளுமாறு அரசுகளுக்கும், தனியார் அமைப்புகளுக்கும், கல்வி நிலையங்களுக்கும் யோசனை கூறப்பட்டது. தடுப்பூசிக் கொள்கை தவறானது என்று நீதிமன்றம் கூறவில்லை என்பதையும் மறத்தலாகாது. முகக்கவசம் போன்ற விதிகளை அத்தீர்ப்பு தொடவில்லை. தீர்ப்பு அன்றைய நிலைமைக்கும் கொரோனாத் தடுப்பூசிக்குமே உரியது என்றும் தெளிவாகச் சொல்லப்பட்டது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. பெரியம்மைக் காலத்தை எண்ணுக. 1880ஆம் ஆண்டிலேயே அம்மை குத்துவதற்கெனச் சட்டம் வந்தது. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அம்மைப்பால் தயாராயிற்று. தலைமுறைகள் பாடுபட்ட பின், 1977இல் நம் நாடு பெரியம்மையினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மைப்பால் பரவலையே அறுத்தது. நோய் வேறு, ஊசியின் குணம் வேறு என்றால், நியாயமும் அதற்கேற்ப அளந்தே கூறவேண்டும்.

கடலுக்கப்பால் ஒரு சட்டம்

அமெரிக்காவின் மான்டானா மாநிலம் வேறு வழியில் சென்றது. 2021 மே மாதத்தில் அங்கு ஒரு சட்டமே இயற்றப்பட்டது. ஊசி போட்டவரா, போடாதவரா என்பதைக் கொண்டு வேலை மறுப்பதும், கடையிலோ விடுதியிலோ இடம் மறுப்பதும் குற்றமான பாகுபாடு என்று அது விதித்தது. கொரோனா ஊசி மட்டுமன்றிப் பிற ஊசிகளுக்கும் இது பொருந்தும். பள்ளிகளுக்கு விலக்கு உண்டு; முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் ஒரு வகையில் விலக்கு உண்டு. மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களின் சிகிச்சைக் கூடங்களுக்கும் முழு விலக்கு இல்லை.

ஊசி போடாத தொழிலாளிக்கு அச்சட்டம் காப்பாயிற்று; வேலை போகுமோ என்ற கவலை தீர்ந்தது. ஆனால் மருத்துவர் சங்கமும், எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகளும் நீதிமன்றம் ஏறினர்; செவிலியர் சங்கமும் உடன் சேர்ந்தது. தம் அருகில் நின்று பணிவிடை செய்பவர் ஊசி போட்டவர்தாமா என்று அறிந்து அதற்கேற்ப ஏற்பாடு செய்ய வழியில்லையே என்பது அவர்கள் முறையீடு. 2022 டிசம்பரில் கீழ் நீதிமன்றம் மருத்துவ நிலையங்களைப் பொறுத்தவரை அச்சட்டத்தை நிறுத்திவைத்தது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. ஒருவருக்குக் கதவைத் திறந்த சட்டம் மற்றொருவருக்கு அச்சத்தைத் தந்தது. எல்லா இடத்திற்கும் எக்காலத்திற்கும் ஒரே அளவாய்த் தைத்த சட்டை எல்லோர் உடலுக்கும் பொருந்துவதில்லை.

நம் சங்கங்களுக்குப் பாடம்

மீண்டும் நம் நெசவாளர் சங்கத்திற்கு வருவோம். பதினோராம் நாள், நிர்வாகக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் வந்தார். மேசையை எடுத்துத் திண்ணையில் போடச் சொன்னார். சேலையை வாங்குவதும், கூலி தருவதும், நூல் நிறுத்துத் தருவதும் காற்றோட்டமான திண்ணையில் நடந்தன. வருவோர் அனைவரும், ஊசி போட்டவரும் போடாதவரும், முகக்கவசம் அணிந்தனர். எழுத்தர் உள்ளறையில் தனியே இருந்து கணக்கெழுதினார். அட்டை கழற்றப்பட்டது. எழுத்தரும் காக்கப்பட்டார், தறியும் ஓடிற்று. அஞ்சிய இளைஞரிடம் கிராமச் செவிலியர் பொறுமையாகப் பேசினார். அடுத்த மாதம் அவர் தாமாகவே ஊசி போட்டுக்கொண்டார்.

தேவைக்கு மிஞ்சிய தடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் விரித்துரைத்ததை, சட்டம் படியாத அப்பெரியவர் ஒரு மேசையை நகர்த்திச் செய்துகாட்டினார்.

கூட்டுறவின் முதற் கொள்கை, அங்கத்துவத்தின் கதவு யாவருக்கும் திறந்திருத்தல். பங்குத்தொகை செலுத்திய அங்கத்தினர் சங்கத்தின் உடைமையாளர். சட்டமும் துணைவிதிகளும் தந்த உரிமையைக் கதவில் தொங்கும் அட்டை ஒன்று பறித்தல் முறையன்று. நாளை வேறொரு நோய் வரலாம். அன்றும் உத்தரவுகள் வரும். அப்போது நிர்வாகக் குழுவினர் கேட்கவேண்டியவை சில. உத்தரவு எழுத்தில் உள்ளதா? எந்தச் சட்டத்தின்படி பிறந்தது? காக்கப்பட வேண்டியவர் யார்? கதவை அடைக்காமலே அவரைக் காக்க வழியில்லையா? சான்று இல்லாதவர்க்கு அதைப் பெற்றுத்தரச் சங்கம் உதவலாகாதா? கேட்டதையும் முடிவு செய்ததையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவசியம்.

பார்வையிட வரும் எம்மைப் போன்றோர்க்கும் கடமை உண்டு. இருப்பில் ஒரு சிட்டம் நூல் குறைந்தால் விளக்கம் கேட்கிறோம். வாயிலில் ஓர் அங்கத்தினர் குறைந்தபோது கேட்கவில்லை. பின்னர் வந்த தீர்ப்பு எதுவும் அவ்வம்மையாரின் பத்து நாட் கூலியைத் திருப்பித் தந்துவிடவில்லை. அன்று நம் அறிக்கையில் எழுதாது விட்ட அந்த ஒரு வரியை இன்று இங்கு எழுதுகிறோம்.