பாதி சுரண்டிய கம்பி

மூன்று தீக்குச்சிகள், சைக்கிள் வால்வு ட்யூபிலிருந்து நறுக்கிய மூன்று சிறு துண்டுகள். குச்சி முனைகளை ட்யூபுக்குள் செருகினால் முக்கோணம். விரலால் அமுக்கினால் வடிவம் மாறாது. நான்கு குச்சிகளில் சதுரம் செய்து அமுக்குங்கள், சாய்ந்து படுத்துவிடும். மூலைக்கு மூலை கொஞ்சம் நீளமான குச்சி ஒன்றைக் கொடுத்தால் அதுவும் விறைத்து நிற்கும். இதைச் செய்து பார்த்த குழந்தை, அடுத்த ரயில் பயணத்தில் இரும்புப் பாலத்தின் முக்கோணங்களை எண்ணத் தொடங்கிவிடும்.

இந்தத் தீக்குச்சி வடிவங்களை நாடெங்கும் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்து, புனேயில் டெல்கோ லாரி ஆலையில் பொறியாளராக இருந்தவர். 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். ஆய்வகமே இல்லாத கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து கற்க வேண்டும் என்று 1972-ல் தொடங்கிய திட்டம் அது. சந்தையில் சில்லறைக்குக் கிடைக்கும் பொருள்களே அங்கே கருவிகள் ஆயின. பின்னாளில் புனே பல்கலைக்கழக வளாகத்தில், ஜெயந்த் நார்லிகர் உருவாக்கிய ஐயூக்கா வானியல் மையத்தின் முக்தாங்கண் சிறுவர் அறிவியல் கூடத்தில் பத்தாண்டுக்கும் மேல் பொம்மை செய்தார். 2018-ல் பத்மஸ்ரீ வந்தது.

அவர் பரப்பிய பொம்மைகளில் என்னை அதிகம் ஈர்ப்பது சின்ன மோட்டார். ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய தாமிரக் கம்பியில் சுற்றிய வளையம். கம்பியின் ஒரு முனையில் பூச்சை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் பாதிப் பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டிவிட்டால் வளையம் துடிக்கும், சுற்றாது. முதல் அரைச்சுற்றில் முன்னே தள்ளிய விசை அடுத்த அரைச்சுற்றில் பின்னே தள்ளிவிடுகிறது. பாதிப் பூச்சு இருந்தால் அந்த நேரத்துக்கு மின்சாரம் நின்றுபோகும். வந்த வேகத்திலேயே வளையம் மீதியைக் கடந்துவிடும். பாடப்புத்தகத்தில் வண்ணப்படம் போட்டு இதை விளக்கலாம். ஆனால் தவறாகச் சுரண்டி, மோட்டார் ஓடாமல் அரைமணி நேரம் விழித்த பிள்ளைக்கு அந்தப் பாதிப் பூச்சு எளிதில் மறக்காது.

நினைவைப் பற்றிய ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னே நின்றார்கள். மனத்தைத் தேட வைப்பதுதான் அங்கே வேலை செய்தது. நல்ல விளையாட்டும் அதையே செய்கிறது: அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கச் சொல்கிறது, ஊகம் சரியா என்று உடனே காட்டியும் விடுகிறது. திரையில் பலூன் வெடித்து நட்சத்திரம் கொட்டும் கற்றல் செயலிகளில் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான். கண்ணுக்கு விருந்து கிடைக்கிறது, ஊகிக்கத்தான் எதுவுமில்லை.

ஊகிக்க வைக்க ஒரு ஸ்ட்ராவே போதும். அதன் ஒரு முனையைத் தட்டையாக்கி, அம்பு நுனி போல வெட்டி, வாயில் வைத்து ஊதினால் பீப்பி சத்தம் வரும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்க, சுருதி ஏறிக்கொண்டே போகும். கடைசித் துண்டு விழுவதற்குள் எந்தப் பிள்ளையும் அடுத்த ஸ்ட்ராவைக் கேட்டுக் கை நீட்டியிருக்கும்.