தெளிப்புப் போத்தலும் நுண்ணலை அடுப்பும்

வாழைச்சேனையிலே பளிங்குபோல் உருகி நிற்கும் தேங்காயெண்ணெய், நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டால் வெண்மெழுகுபோல் இறுகிவிடுகின்றது. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும் இயல்பு அவ்வெண்ணெய்க்கு உண்டு. கடலும் களப்பும் சூழ்ந்த கீழ்க்கரையில் அத்தகைய குளிர் அரிது. மலைநாட்டிலோ அது அன்றாட நிகழ்ச்சி. ஊரிலிருந்து தாய் அனுப்பிய எண்ணெயைத் தெளிப்புப் போத்தலில் நிரப்பிவைத்த மகள், மலைநாட்டில் ஒரு காலைப்பொழுதில் விசையை அழுத்துகிறாள். ஒரு துளியும் வெளிவரவில்லை. அருகே நுண்ணலை அடுப்பு இருக்கின்றது. போத்தலை அப்படியே உள்ளே வைத்து ஒரு நிமிடம் சூடாக்கினால் என்ன என்று எவருக்கும் தோன்றும். அவ்வாறு செய்வதில் அபாயம் உண்டு. அவ்வபாயம் போத்தலின் எப்பகுதியில் ஒளிந்திருக்கின்றது என்பதை அறிந்தால், அதனை எவ்வாறு திருத்தி அமைக்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

நுண்ணலை என்பது வானொலி அலைக்கு நெருங்கிய உறவுடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ரேடார்க் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட குழாயையே சமையலுக்குத் திருப்பினார் பேர்சி இசுபென்சர் என்னும் அமெரிக்கர். 1945இல் அவர் அதற்கு உரிமைக்காப்புக் கோரினார். வீட்டு அடுப்புகளில் இவ்வலை செக்கனுக்கு 245 கோடி முறை அதிர்கின்றது. நீரின் மூலக்கூறு ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் சார்ந்தது. அலை திசைமாறுந்தோறும் அதுவும் திரும்ப முயன்று அயல் மூலக்கூறுகளோடு மோதுகின்றது. அம்மோதலே வெப்பமாகின்றது. ஆகவே இவ்வடுப்பு பாத்திரத்தைச் சுடவைத்து அதன்வழி உணவைச் சுடவைப்பதன்று. நீருள்ள பொருளையே நேராகச் சுடவைப்பது.

மட்டக்களப்புப் பகுதியின் எருமைத்தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். மெருகு பூசாத மண்சட்டியின் நுண்டுளைகளில் ஈரம் ஊறி நிற்கின்றது. அதனை இவ்வடுப்பில் வைத்தால் உணவோடு சட்டியும் சூடேறும். சில வேளை வெடித்தும் போகும். பிளாஸ்டிக்குகள் பல இதற்கு மாறானவை. பொலிபுரோப்பிலீன் நுண்ணலையை ஏறக்குறைய முற்றாகத் தன்னூடே செல்லவிடுகின்றது. உள்ளிருக்கும் பொருளின் சூடு மட்டுமே அதனைத் தாக்கும்.

எனவே அச்சூட்டை எப்பிளாஸ்டிக் தாங்கும் என்பதே அடுத்த வினா. கண்ணாடிபோல் தெளிந்த சோடாப் போத்தல்கள் பெற் எனப்படும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அவை 70 அல்லது 80 பாகையிலேயே நெகிழ்ந்து சுருங்கிவிடும். மெல்லிய பொலித்தீன் 110 பாகையளவில் உருகும். பொலிபுரோப்பிலீனோ 160 பாகை வரை உருகுவதில்லை. நீர் 100 பாகையில் கொதித்து நின்றுவிடுவதால், நீர்ப்பொருளுக்கு இப்பிளாஸ்டிக் போதியது. எண்ணெய்க்கு அத்தகைய கடிவாளம் இல்லை. அது நுண்ணலையை நீரைப்போல் விரைவாக ஏற்பதில்லை எனினும், விட்டுவைத்தால் கொதிக்கும் அறிகுறி எதுவுமின்றி 100 பாகையைக் கடந்து ஏறும். போத்தலின் சுவரும் இளகத் தொடங்கும். எண்ணெயின் அடியில் நீர்த்துளி ஒன்று தங்கியிருந்தாலோ அது ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்களவு பெருத்து, கொதியெண்ணெயை முகத்தில் வீசக்கூடும்.

இனி, யாரும் அதிகம் கவனியாத தலைப்பகுதி. தெளிப்புத் தலையினுள் இரு வால்வுகளும், பெரும்பாலும் உருக்கினாலான சுருள்வில்லும், சிறு குண்டும், மில்லிமீற்றரிலும் குறுகிய துளையும் உள்ளன. காற்று உட்புகும் வழி விசையை அழுத்தும்போது மட்டுமே திறக்கின்றது. ஓய்வில் போத்தல் அடைபட்ட கலமே. ஆவியும் விரிந்த காற்றும் வெளியேற வழியின்றி அழுக்கம் ஏற, நெகிழ்ந்த சுவர் பிளக்கும்; அல்லது தலை தெறிக்கும். உலோக வில்லினால் தீப்பொறி எழவும் இடமுண்டு. (வளியமுக்கிய உலோகத் தெளிகலன்களை எவ்வகை அடுப்பினருகேயும் கொண்டுசெல்லலாகாது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.) உலோகமற்ற, முற்றும் பிளாஸ்டிக்கினாலான தெளிப்புத் தலைகளும் இன்று கிடைக்கின்றன. அவை பொறியைத் தவிர்க்குமேயன்றி அழுக்கத்தைத் தவிர்க்கா. அழுக்கமே பெரிய அபாயமாதலால், இதற்கு வில்லை மாற்றுவது மட்டும் மருந்தாகாது.

ஆகவே இத்தகைய போத்தலை அமைப்போர் முதலிற் செய்யவேண்டியது, தலையும் உறிஞ்சு குழாயும் ஒரே திருகலில் முழுமையாகக் கழன்று வருமாறு அமைத்தலாகும். வாய் அகன்றிருத்தல் நன்று. சூடாக்கும்போது வாய்மேல் தளர்வாக அமரும் சிலிக்கோன் மூடியொன்றைத் தரலாம். ஆவி அதனை உயர்த்திக்கொண்டு வெளியேறும். உடல் பொலிபுரோப்பிலீனாதல் வேண்டும். காற்றூதி வார்க்கும் போத்தல்களில் மூலைகளே மெலிந்துபோகின்றன. அவற்றை வளைவாக அமைத்தால் சுவர் ஒரே தடிப்பாக நிற்கும். உணவுக்கு உரியதாயின், பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் இறங்கும் பொருளின் அளவையும் சோதித்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் சதுர தெசிமீற்றருக்கு 10 மில்லிகிராம் என மொத்த எல்லை வகுத்துள்ளது.

வாங்குவோர் போத்தலின் அடியிலுள்ள முக்கோணத்தைப் பார்ப்பதுண்டு. 5 என்னும் எண் பொலிபுரோப்பிலீனைக் குறிப்பது. 1 பெற் வகையைக் குறிப்பது. ஆனால் 1988இல் வகுக்கப்பட்ட இவ்வெண்கள் கழிவைப் பிரித்தற்கு உரியவை. வெப்பத்தைத் தாங்கும் என்பதற்குச் சான்றாகா. நுண்ணலைக்கு உகந்தது என உற்பத்தியாளர் தனியே பொறித்திருத்தல் வேண்டும். வாழைச்சேனையைச் சூழ்ந்த வயற்பகுதிகளில் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளல் நலம். பூச்சிகொல்லி இருந்த போத்தல் எத்துணை கழுவினும், எந்த எண் பொறித்ததாயினும், உணவுக்கோ தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கோ ஆகாது.

உறைந்த எண்ணெய்க்கு உண்மையில் வேண்டுவது 24 பாகைக்கு மேற்பட்ட சிறு வெம்மையே. கைபொறுக்கும் வெந்நீர் நிரம்பிய கிண்ணத்தில் அம்மகள் போத்தலைச் சிறிது நேரம் நிறுத்திவைத்தால், எண்ணெய் ஓரத்திலிருந்து உருகத் தொடங்கும். நடுவிலுள்ள வெண்கட்டி சுருங்கி மறைந்தபின் விசையை அழுத்தலாம்.