கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் காப்புறுதித் தாளும்

ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற பூச்சோங் வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைத்தெருக்களும் நிற்கின்றன. 1999-ஆம் ஆண்டில் டாமன்சாரா – பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. 2016-இல் எல்.ஆர்.டி. ரயிலும் வந்து சேர்ந்தது. ஆனாலும் செர்டாங்கிலோ சைபர்ஜெயாவிலோ படிக்கும் பிள்ளைக்கு, ரயிலை விட்டு இறங்கிக் கல்லூரி வாசலை அடைவது தனிப் பயணம்தான். ஆகவே பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளையோ காரையோ வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வாங்கும்போது டயரைத் தட்டிப் பார்க்கிறோம். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்கிறோம். நூறு வெள்ளி குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறோம். காப்புறுதி என்று வந்தால் மட்டும், "சாலை வரி எடுக்க வேண்டும், இருப்பதில் மலிவானதைப் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த மலிவான தாள் யாரைக் காப்பாற்றுகிறது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. நம் பிள்ளை ஓட்டிய வாகனத்தால் மற்றவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், அவருக்குரிய இழப்பீட்டுக்கு அது பொறுப்பேற்கும். மிகவும் நல்ல காரியம்தான். ஆனால் தன் தவற்றாலேயே சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட நம் பிள்ளைக்கு அதில் காசு கிடையாது. நொறுங்கிப் போன நம் மோட்டாருக்கும் கிடையாது. பின்னால் உட்கார்ந்து வரும் தோழனுக்கும் அந்தக் கட்டாயக் காப்புறுதி பொதுவாக இடம் தருவதில்லை. காரில் ஏறி வரும் நண்பர்களின் நிலையும் இதுதான். பயணிகளுக்கான பொறுப்பைத் தனியாகக் கேட்டு, சிறிது பணம் கட்டிச் சேர்க்க வேண்டும்.

வேலைக்குப் போய்வரும் வழியில் தகப்பனாருக்கு விபத்து நேர்ந்தால் சொக்சோ உதவுகிறது. வேலை செய்யாமல் படிக்க மட்டும் போகும் மாணவனுக்கு அந்த ஆதரவு இல்லை. எனவே பிள்ளையின் பெயரில் ஒரு தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

காருக்கு முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டியவர் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரானாலும், 'பி' லைசன்ஸ் வைத்திருப்பவரானாலும், பத்திரத்தில் பெயர் இல்லாதவரானாலும், நம் காரின் சேதத்தில் முதல் 400 வெள்ளியை வழக்கமாக நாமே ஏற்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கேட்காத காருக்கு என்.சி.டி. என்னும் கழிவு 55 விழுக்காடு. கழிவுக்கு முன் கட்டணம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாம் கட்டுவது 450 வெள்ளி. மகன் சுவரில் இடித்து 700 வெள்ளி செலவு வருகிறது. இழப்பீடு கேட்டால் 400 போக 300 வெள்ளி கிடைக்கும். ஆனால் கழிவு பறிபோய், அடுத்த ஆண்டு 550 வெள்ளி கூடுதலாகக் கட்ட நேரும்! சிறு சேதத்தைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம்.

பகுதி நேரமாக உணவு கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதிக்கும் மாணவர்கள் பெருகிவிட்டார்கள். உழைக்கும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால் சொந்த உபயோகத்துக்கென எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஓட்டும்போது செல்லாமல் போகலாம். கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லி, அதற்குரிய காப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் ஓட்டுகிறார், எதற்கு ஓட்டுகிறார் என்று கேட்டால் உண்மையையே சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, தவறான தகவல் தராதபடி கவனமாக இருப்பது நம் கடமை.

லைசன்ஸ் இல்லாத நண்பனிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பதையும் பிள்ளைக்கு அழுத்தமாகச் சொல்லி வையுங்கள். அவன் விபத்துக்குள்ளானால், நம் வாகனத்தின் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். "நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று எதிர்த் தரப்பினர் சொல்வதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. அடுத்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும் முன், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தத் தாளை வாசிக்கச் சொல்லுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதை அவர்கள் நமக்கு விளக்குவார்கள். "இதில் நீ இருக்கிறாயா? உன் பின்னால் உட்கார்பவன் இருக்கிறானா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், எதைச் சேர்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.