90 டாலருக்கு பிளேஸ்டேஷன், 21 வருடம் கழித்து டாக்ஸிக்கு முழுப் பணம்... இதெல்லாம் நடந்தது தெரியுமா?

400 டாலர் விலையுள்ள பொருளை 90 டாலர்கூடக் கொடுக்காமல் வாங்கிப்போன ஆட்கள் அமெரிக்காவில் இருந்தார்கள், தெரியுமா? திருடவில்லை, பூட்டை உடைக்கவில்லை. கவுண்டரில் வரிசையில் நின்று, பில் போட்டு, பணம் கட்டி, ஊழியரிடம் நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்!

2014 நவம்பர். பண்டிகைக் கால விற்பனை சூடுபிடிக்கும் நேரம். 'அமேசான் போன்ற இணையக் கடைகளில் எங்களைவிடக் குறைந்த விலைக்கு ஒரு பொருள் கிடைக்கிறதா? காட்டுங்கள், அதே விலைக்கு நாங்களும் தருகிறோம்' என்று வால்மார்ட் அறிவித்தது. பிரைஸ் மேட்ச் என்று சொல்வது இதைத்தான். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அதில் ஓர் ஓட்டையைச் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அமேசான் தளத்தில் அமேசான் மட்டும் விற்பதில்லை. விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்ட எவரும் அங்கே ஒரு பக்கம் திறந்து, தானே ஒரு விலையைப் போட்டுவிடலாம். சிலர் புத்தம் புது பிளேஸ்டேஷன் 4 வீடியோ கேம் பெட்டியை 90 டாலருக்கும் குறைவாக விற்பதுபோல் போலிப் பக்கங்களை உருவாக்கினார்கள். அவர்களிடம் பொருளும் கிடையாது, விற்கும் எண்ணமும் கிடையாது. அந்தப் பக்கம் செல்போனில் தெரிந்தால் போதும், வேலை முடிந்தது.

அந்தக் கவுண்டரில் நின்ற ஊழியரை நினைத்துப் பாருங்கள். எதிரே நீட்டிய போன். திரையில் அமேசான் என்ற பெயர், பிளேஸ்டேஷன் படம், விலை. பின்னால் வளர்ந்துகொண்டே போகும் வரிசை. அமேசான் விலைக்குக் கொடுங்கள் என்ற தலைமையகத்தின் புத்தம் புது உத்தரவு. அந்தப் பக்கம் போலி என்று அவருக்கு எப்படித் தெரியும்? சில கடைகளில் மறுத்தார்கள், சில கடைகளில் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் பில்லைப் படம் எடுத்து ட்விட்டரில் போட, செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அறிவிப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அமேசான் தளத்தில் விற்கும் மற்ற விற்பனையாளர்களின் விலையை ஏற்க மாட்டோம் என்று வால்மார்ட் விதியை மாற்றியது!

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. சியர்ஸ் கடையின் இணையதளத்தில் நின்டெண்டோவின் வீ யூ விளையாட்டுப் பெட்டி தவறுதலாக 60 டாலருக்கு வந்துவிட, அதையும் போனில் காட்டி வால்மார்ட்டில் வாங்கினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. ஒன்று, ஒரு கடை செய்த தவறு. கண்ணில் பட்டவர் பயன்படுத்திக்கொண்டார். மற்றது, உட்கார்ந்து யோசித்துத் தயாரித்த பொய். பொய் சொன்னவர் பொருளோடு வீட்டுக்குப் போய்விட்டார். உண்மையிலேயே குறைந்த விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்தான் அதற்குப் பிறகு நூறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைகளின் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற பொடி எழுத்துக்களைப் பொறுமையாகப் படித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் இப்படி ஒரு வாடிக்கையாளர் இருப்பார்! பிரிட்டனின் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டைப் பாருங்கள். 2011-இல், போட்டிக் கடையில் விலை குறைவாக இருந்தால் வித்தியாசத்தை இரண்டு மடங்காகத் தருகிறோம் என்றார்கள். கணக்குப் புலிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தப் பொருளில் விலை வித்தியாசம் அதிகம் என்று தேடித் தேடி, அதை மட்டும் வண்டி நிறைய வாங்கினார்கள். ஒரு பொருள் டெஸ்கோவில் 10 பவுண்டு, போட்டிக் கடையில் 4 பவுண்டு என்று வையுங்கள். வித்தியாசம் 6, இரண்டு மடங்கு 12. பொருளும் கைக்கு வந்து, மேலே 2 பவுண்டு லாபம்! இதில் பொய் இல்லை, போலி இல்லை, கடை சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சில வாரங்களில் 20 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று டெஸ்கோ வரம்பு கட்டியது.

விலைச் சண்டை இப்படி என்றால், திருப்பிக் கொடுக்கும் கதைகள் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

துணியும் செருப்பும் விற்கும் நார்ட்ஸ்ட்ராம் கடை, தான் விற்காத டயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் கொடுத்ததாக ஒரு கதை உலகம் முழுக்க மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. கட்டுக்கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, நிஜமாகவே நடந்தது! 1975-இல் அலாஸ்காவில் நார்தர்ன் கமர்ஷியல் என்ற நிறுவனத்தின் மூன்று கடைகளை நார்ட்ஸ்ட்ராம் வாங்கியது. பழைய கடையில் டயரும் விற்பார்கள். அங்கே டயர் வாங்கிய ஒருவர், கடை கைமாறியது தெரியாமல், ஃபேர்பேங்க்ஸ் நகரக் கடைக்கு அதை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கவுண்டரில் இருந்த இளைஞர் ஒரு டயர் கடைக்குப் போன் போட்டு விலை விசாரித்து, 25 டாலரை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். 50 வருடமாக எந்த விளம்பரமும் வாங்கித்தர முடியாத பெயரை அந்த 25 டாலர் வாங்கித் தந்துகொண்டிருக்கிறது!

அதைவிடப் பெரியது லேண்ட்ஸ் எண்ட் என்ற துணிக் கம்பெனியின் கதை. எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரலாம் என்பது அப்போது அவர்களுடைய உத்தரவாதமாக இருந்தது. 1984 பண்டிகைக் கால கேட்லாக்கில் அவர்கள் ஒரு நிஜ லண்டன் டாக்ஸியையே விற்பனைக்குப் போட்டார்கள். விலை 19,000 டாலர். ஒருவர் வாங்கியும் விட்டார். 2005-இல், 21 வருடம் கழித்து, அந்த வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். என்ன சொல்லியிருப்பார்கள்? பழைய வண்டி, தேய்மானம், பாதி விலை என்று பேரம் பேசினார்களா? இல்லவே இல்லை. 19,000 டாலரையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள்! சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என்றால் இதுதான். படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது.

அப்படிச் சொல் காப்பாற்றிய இன்னொரு கடை கடைசியில் தோற்றுப்போனது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வுட் பீன் என்பவர் 1912-இல் வேட்டைக்காரர்களுக்காக ஒரு பூட்ஸ் தயாரித்தார். அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல். முதலில் விற்ற 100 ஜோடியில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்தது! அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, பூட்ஸைச் சரிசெய்து மறுபடி விற்றார். எல்.எல். பீன் கம்பெனியின் ஆயுட்கால உத்தரவாதம் அந்த 90 ஜோடியிலிருந்து பிறந்தது. எத்தனை வருடம் ஆனாலும் திருப்தி இல்லையென்றால் கொண்டு வாருங்கள் என்ற அந்தச் சொல் நூறு வருடத்துக்கு மேல் நின்றது.

பிறகு வந்தார்கள் பாருங்கள்! பழைய சாமான் கடைகளிலும் வீட்டு வாசல் விற்பனைகளிலும் சில்லறைக் காசுக்கு எல்.எல். பீன் பொருட்களை வாங்குவது, அதைக் கடையில் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்வது. வருடக்கணக்கில் போட்டு, அடிப்பாகம் தேய்ந்துபோன பூட்ஸைக் கொடுத்துப் புது ஜோடி கேட்பது. ஐந்து வருடத்தில் 25 கோடி டாலர் இப்படிப் போயிற்று என்று கம்பெனி சொன்னது. 2018 பிப்ரவரியில் விதி மாறியது: ஒரு வருடம், அதுவும் பில் இருந்தால். உடனே என்ன நடந்தது தெரியுமா? ஆயுட்காலம் என்று நம்பித்தான் வாங்கினோம் என்று சொல்லி வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள்! அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி, பழுதானால் மட்டும் கொண்டுபோன எத்தனையோ பேர் அந்த உத்தரவாதத்துக்காகவே கூடுதல் விலை கொடுத்தவர்கள். யாரோ செய்த வேலைக்கு இவர்கள் தண்டனை அனுபவித்தார்கள்.

மலையேறும் சாமான்கள் விற்கும் ஆர்.இ.ஐ. கடைக்கு 'வாடகைச் சாமான் கம்பெனி' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. 2013-இல் அவர்களும் ஒரு வருடம் என்று நிறுத்திக்கொண்டார்கள். காஸ்ட்கோ கடைகளில் பழைய டி.வி.யைக் கொடுத்துப் பெரிய டி.வி. வாங்கும் வழக்கம் முற்றிப்போய், 2007-இல் எலக்ட்ரானிக்ஸ் பொருட்களுக்கு மட்டும் 90 நாள் கெடு வந்தது. ஜெர்மனியில் ஐகியா மரச்சாமான் கடை 2014-இல் ஆயுள் முழுக்கத் திருப்பித் தரலாம் என்று அறிவித்து, இரண்டே வருடத்தில் 365 நாளுக்கு இறங்கியது.

விருந்துக்கு ஒரு நாள் உடுத்திவிட்டு மறுநாள் கவுனைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்துக்கு ப்ளூமிங்டேல்ஸ் கடை கண்ட மருந்து இன்னும் சுவாரசியம். 2013-இல், 150 டாலருக்கு மேற்பட்ட உடைகளில் பளிச்சென்று கண்ணில் படும் இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேக் மாட்டினார்கள். வீட்டில் போட்டுப் பார்க்கலாம், தடையில்லை. டேக்கோடு விருந்துக்குப் போக முடியாது. டேக்கைக் கழற்றிவிட்டால் திருப்பித் தரவும் முடியாது! யாரையும் சந்தேகிக்காமல், யாரையும் கேள்வி கேட்டு அவமானப்படுத்தாமல் பிரச்சினையைத் தீர்த்த யோசனை இது. இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடைகள் மட்டும் ஏமாந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! பெஸ்ட் பை எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு 2004 வாக்கில் வருடத்துக்கு 50 கோடி வருகைகள். அதில் 10 கோடி வரை வேண்டாத வருகைகள் என்று அதன் அன்றைய தலைவர் பிராட் ஆண்டர்சன் கணக்குப் போட்டார். வாடிக்கையாளர்களைத் தேவதைகள், பிசாசுகள் என்றே பிரித்தார்கள். பொருளை வாங்கித் தள்ளுபடிக்கு விண்ணப்பித்துவிட்டு, பொருளைத் திருப்பிக் கொடுத்து, பிறகு அதே பொருளைத் திரும்பி வந்த சரக்கு என்று மலிவு விலையில் வாங்குகிறவர் பிசாசு. இணையத்தில் அடிமட்ட விலையைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து பிரைஸ் மேட்ச் கேட்பவரும் பிசாசு!

அதே கடை மீது 2007-இல் கனெக்டிகட் மாநில அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமென்தால் வழக்குத் தொடுத்தார். குற்றச்சாட்டு என்ன தெரியுமா? வீட்டில் இணையதளத்தில் குறைந்த விலையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிறார் வாடிக்கையாளர். ஊழியர் கடையின் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து, பாருங்கள், விலை அதிகமாகத்தானே இருக்கிறது என்கிறார். அது அவர் வீட்டில் பார்த்த தளமே இல்லை. அச்சு அசலாக அதே போலத் தோன்றும், கடைக்குள் மட்டும் ஓடும் உள்தளம்! போலி அமேசான் பக்கத்தை நீட்டிய வாடிக்கையாளருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மெத்தை வாங்கப் போயிருக்கிறீர்களா? அமெரிக்காவில் ஒரே கம்பெனி ஏறக்குறைய ஒரே மாதிரி மெத்தையை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு பெயரில், ஒவ்வொரு மாடல் நம்பரில் கொடுக்கும். பிரைஸ் மேட்ச் வேண்டுமென்றால் மாடல் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவே இருக்காதே!

இதோ, எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டும் விஷயம். 'யார் குறைத்தாலும் நாங்களும் குறைப்போம்' என்ற வாக்குறுதி விலையை ஏற்றிவிடக்கூடும், தெரியுமா? பொருளாதார அறிஞர் ஸ்டீவன் சாலப் 1980-களிலேயே இதை விளக்கினார். எதிரெதிரே இரண்டு டி.வி. கடைகள், இரண்டிலும் விலை 500 டாலர். ஒருவர் 450-க்கு இறக்கினால் கூட்டம் அவர் பக்கம் வரும், லாபம். ஆனால் இருவரும் பிரைஸ் மேட்ச் பலகை மாட்டியிருந்தால்? நீங்கள் அந்த 450 டாலர் விளம்பரத்தை எடுத்துக்கொண்டுபோய் எதிர்க்கடையில் காட்டுவீர்கள், அவரும் 450-க்குக் கொடுத்துவிடுவார். விலையைக் குறைத்தவருக்குக் கூட்டமும் வரவில்லை, 50 டாலரும் போயிற்று. பிறகு யார் குறைப்பார்கள்? இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலேயே 500-இல் நிற்பார்கள். ஒருவர் குறைத்தால் மற்றவருக்கு உடனே தகவல் கொண்டுபோகும் ஒற்றர் வேலையைச் சம்பளமில்லாமல் நாம்தான் பார்க்கிறோம்!

மறுபடி திருப்பிக் கொடுக்கும் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 2024-இல் மட்டும் திரும்பி வந்த சரக்கின் மதிப்பு சுமார் 89,000 கோடி டாலர் என்று அந்நாட்டு சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது. விற்பனையில் ஆறில் ஒரு பங்கு. பல கடைகளில் பொருளைத் திருப்பித் தந்தால் டிரைவிங் லைசென்ஸ் கேட்பார்கள். அந்த விவரம் 'தி ரீட்டெயில் ஈக்குவேஷன்' போன்ற நிறுவனத்துக்குப் போய், அடிக்கடி திருப்பித் தருபவர் யார் என்று கணினி கணக்கு வைத்துக்கொள்கிறது.

கொரோனா காலத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்ததைக் கேளுங்கள். 2020 ஏப்ரலில் ஒருவர் டிரேக்ஸ் சூப்பர் மார்க்கெட்டில், 32 சுருள் கொண்ட டாய்லெட் பேப்பர் பாக்கெட் 150-ஐயும், ஒரு லிட்டர் சானிடைசர் 150-ஐயும் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தரச் சொன்னார். 4,800 சுருள்! ஊரெல்லாம் கடை அலமாரிகள் காலியாகக் கிடந்த நாட்களில் பதுக்கியது. கடையின் இயக்குநர் ஜான்-பால் டிரேக் நடுவிரலைக் காட்டி அனுப்பிவைத்தார். அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். வாடிக்கையாளரிடம் அப்படி நடக்கலாமா என்று கேட்பவர்கள், அன்று ஒரு பாக்கெட்டுக்காகக் கடை கடையாக அலைந்த முதியவர்களையும் நினைக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லிலேயே அச்சடித்திருப்பதைப் பார்த்து நாம் பேசாமல் வந்துவிடுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வேறு மாதிரி சொல்கிறது, தெரியுமா? பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள். குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கு இது பொருந்தாது; பொருள் பழுதாக இருக்க வேண்டும். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில் இருந்தால்தானே புகார் சொல்ல முடியும் என்கிறீர்களா? பில் தராமல் விற்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிகம்தான்!